கை நனைக்காத ஏரிக்கரை

போன மாதம் முகாமில், இலை போட்டு, சோறு விழுந்த பிறகு நான் எழுந்து போனதை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். "அவளுக்குச் சர்க்கரை, மாத்திரை போட்டுட்டுத்தான் சாப்பிடணும் போல" என்று உங்களில் ஒருத்தி பக்கத்து இலைக்காரியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. நல்ல மனசு. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்தபின் நம் பள்ளித்தோழிகள் குழுவில் நீங்கள் போட்ட படங்கள் வந்துகொண்டே இருந்தன. ஆரஞ்சும் நீலமுமாய்க் கூடாரங்கள். பின்னால் பச்சைக் கண்ணாடியை உருக்கி ஊற்றிய மாதிரி தண்ணீர். கூடாரத்து வாசலில் கன்னத்தில் கை வைத்து, ஐம்பதைத் தாண்டிய நாம், குமரிகளைப் போல. பார்க்கப் பார்க்க மனசு நிலைகொள்ளவில்லை. எனக்குச் சர்க்கரை கிடையாது. எனக்கு இருப்பது ஒரு சந்தேகம். நாம் அஞ்சாம் வகுப்பு முடித்த கோடையில் பிடித்தது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் படகு விட்ட தண்ணீர் ஏரி இல்லை. ஏரி அதற்குக் கிழக்கே, கரைக்கு அந்தப் பக்கம், சீமைக்கருவேலம் மூடிக் கிடக்கிறது. நீங்கள் படகு விட்டது சுண்ணாம்புக்கல் வெட்டி எடுத்த பள்ளத்தில். வெட்டி முடித்தார்கள், கைவிட்டார்கள், மழை நிரப்பியது, இப்போது அதற்கு லேக் வியூ என்று பெயர். பள்ளமாவதற்கு முன்னால் அது கொல்லை. கம்பும் கொத்தமல்லியும் பருத்தியும் விளைந்த மேட்டு நிலம். அதில் ஒரு காணி ஓர் அம்மாவுடையது. அந்த ஒரு காணி எப்படிக் கைமாறியது என்பதுதான் என் சந்தேகம். அதற்குள் என் சித்தப்பா இருக்கிறார். ஒரு காக்கிக் கூடாரம் இருக்கிறது. கொஞ்சம் நானும் இருக்கிறேன்.

சித்தப்பா திருச்சியில் இருந்தார். ஆபீஸில் வேலை. என்ன ஆபீஸ் என்று கேட்டால், "பேப்பர் பாக்கற வேலை" என்பார். சித்திக்கும் அவருக்கும் பிள்ளை இல்லை. பெரம்பலூரில் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் எனக்கு ஏதாவது கொண்டுவருவார். திருகினால் குதிக்கும் தவளை, வாசனை அழிரப்பர். அந்தக் கோடையில் கொண்டுவந்தது யாருக்கு என்று தெரியாத ஒன்று. பஸ்ஸின் கூரையிலிருந்து இறக்கி, இரண்டு பேர் தூக்கி வந்து எங்கள் வீட்டு நடையில் போட்டார்கள். அவிழ்த்தபோது வீடு முழுக்க ஒரு வாசனை. மெழுகும் மண்ணெண்ணெயும் பழைய மழையும் சேர்ந்த வாசனை. கூடாரத் துணி. அதற்குள் மூங்கில் கம்புகள், சணல் கயிறு, இரும்பு முளைகள். முளைகளின் தலையில் சிவப்புப் பெயிண்ட். "புல்லுல விழுந்தா தேடணும்ல, அதுக்குத்தான்" என்றார் சித்தப்பா, யாரும் கேட்பதற்கு முன்னாலேயே.

லீவுக்கு ஊர் ஊராய்ப் போய்க் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறோம், பிள்ளையை அனுப்புங்கள் என்றார். அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வராமலே கேட்டாள்.

"வூடு வாசல் இருக்கறவங்க யாராச்சும் துணிக்கு அடியில போயிப் படுப்பாங்களா? வாத்து மேய்க்கறவங்களா நாம?"

வெளிநாட்டில் எல்லாரும் இப்படித்தான் போகிறார்கள் என்று சித்தப்பா சிரித்தார். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவரும் சித்தியும் மட்டும் போனால் போதாதா, பிள்ளை எதற்கு என்று அப்பாவிடம் முணுமுணுத்தாள். பிள்ளை இல்லாதவர்கள் ஆசையாய்க் கேட்கிறார்கள் என்று அப்பா வாயை அடைத்துவிட்டார். அம்மா பிறகு என்னைத் தனியே கூப்பிட்டுத் தலை பின்னிக்கொண்டே சொன்னது ஒன்றே ஒன்று: கண்ட இடத்தில் கை நனைக்காதே. உங்களுக்குத் தெரியும், நம் வீடுகளில் அதற்கு என்ன அர்த்தம் என்று. எந்தத் தெரு என்று கேட்டுவிட்டுச் சாப்பிடு என்று அர்த்தம். வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பின்னலை இறுக்கிவிடுவதில் சொல்லிவிடுவார்கள்.

சித்தப்பாவின் ஆபீஸில் ஜீப் உண்டு. அவர் ஜீப்பில் வந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பயணம் முழுக்க பஸ், மாட்டுவண்டி, நடை. ஜீப்பில் போனால் என்ன என்று கேட்டேன். "ஜீப்புல போனா கூடாரத்துக்கு என்ன மரியாதை?" என்றார். அந்தப் பதில் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

முதல் கூடாரம் பச்சைமலை அடிவாரத்தில், காட்டு ஓடைக்குப் பக்கத்தில். கூடாரத்துக்குள் படுத்தால் வெளிச்சம் பழுப்பாக இருக்கும். டீக்குள் உட்கார்ந்திருப்பது போல. வெளியே ஒரு மயில் நடந்தால் அதன் நிழல் துணியில் வாலை இழுத்துக்கொண்டு போகும். சித்தி மூன்று கல் வைத்து உலை ஏற்றுவாள். விறகுப் புகையும் மெழுகுத்துணி வாசனையும் கலந்து என் பாவாடையில் ஏறிக்கொண்டது. பள்ளி திறந்த பிறகும் போகவில்லை. உங்களில் ஒருத்தி என் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்றாளே, அதே பாவாடைதான்.

அங்கே விறகுக் கட்டுடன் இறங்கி வந்த ஒரு மலைக்காரர் எங்கள் அடுப்படியில் உட்கார்ந்து கதை பேசினார். போகும்போது தன் தூக்குச்சட்டியைத் திறந்து, சாமைச்சோறு இருக்கிறது, சாப்பிடுகிறீர்களா என்றார். சித்தப்பா யோசிக்கவே இல்லை. அதே சட்டிக்குள் கையை விட்டு ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். சித்திக்கும் கொடுத்தார். எனக்கு நீட்டினார். நான் அம்மா இறுக்கிவிட்ட பின்னலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். "பசி எந்தத் தெருன்னு கேட்டுட்டா வருது? சாப்புடு" என்றார். நானும் சாப்பிட்டேன். சுட்ட மிளகாயின் காரம் இன்னும் நாக்கில் இருக்கிறது. அன்று எனக்கு உலகத்திலேயே பெரிய மனுஷர் என் சித்தப்பா.

அந்தக் கவளத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அதை வைத்துத்தான் நான் பிற்பாடு எல்லாவற்றையும் அளந்து பார்த்தேன்.

காட்டில் தங்கியது கொஞ்ச நாள்தான். அரியலூர்ப் பக்கம் ஓர் ஏரி இருக்கிறது, அங்கே போகலாம் என்றார். அரியலூர் வரை பஸ், அங்கிருந்து கல்லங்குறிச்சி தாண்டி மாட்டுவண்டி. பெருமாள் கோயிலில் இறங்கி, சித்தி மட்டும் உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு வந்தாள். சித்தப்பா வண்டியை விட்டு இறங்கவில்லை.

கோடையில் ஏரி சுருங்கி நடுவில் ஒரு தட்டுத் தண்ணீராய்க் கிடந்தது. சுற்றிலும் சேறு வெடித்து, ஓடு ஓடாய்ப் பெயர்ந்திருந்தது. கரைக்கு மேற்கே, மதகுக்கு எதிரில், இரண்டு கொல்லைகளுக்கு நடுவே கொஞ்சம் புறம்போக்கு. அங்கே கூடாரம் போட்டோம். சித்தப்பா முளைகளை அடித்தார். அது முடிந்ததும் மண்வெட்டியை எடுத்துக் கூடாரத்தைச் சுற்றிப் பள்ளம் தோண்ட ஆரம்பித்தார். மழை பெய்தால் தண்ணீர் உள்ளே வராமல் இருக்கவாம். காட்டில் தோண்டியது விரல் ஆழம். இங்கே முழங்கால் ஆழத்துக்குத் தோண்டினார். மேலே கறுத்த மண், அதற்குக் கீழே பழுப்பு, அதற்கும் கீழே வெள்ளை. வெள்ளை வந்ததும் நிறுத்திவிட்டார்.

எனக்கு ஒரு வேலை கொடுத்தார். கல் பொறுக்குவது. அந்த மண்ணில் கல்லெல்லாம் கிளிஞ்சல். நத்தையைப் போலச் சுருண்ட கல், விசிறி மாதிரி வரியோடிய கல். எந்தக் காலத்திலோ அங்கே கடல் இருந்ததாம். சொல்லிக்கொண்டே என் கண்ணுக்கு முன்னால் கடலைக் கொண்டுவந்துவிடுவார் சித்தப்பா. கொல்லைக்கொரு துணிப்பை. இந்தக் கொல்லைக் கல்லை அந்தப் பையில் போடக்கூடாது. விளையாட்டுக்கு இவ்வளவு சட்டமா என்று கேட்டேன். சட்டம் இருந்தால்தான் விளையாட்டு என்றார். என் உள்ளங்கை நிறையும் அளவுக்கு ஒரு சுருள்கல் கிடைத்தது. பாம்பு படுத்திருப்பது போலிருக்கும், தடவினால் வரி வரியாய் நெருடும். பக்கத்துக் கொல்லை வரப்பில் கிடைத்தது. அதையும் பையில் போடச் சொன்னார். ஊருக்குப் போனதும் தருகிறேன் என்றார்.

மறுநாள் காலையில் மூன்று பேரும் ஏரி நடுவில் மீன் பிடிப்பதை வேடிக்கை பார்க்கப் போனோம். திரும்பி வந்தால் கூடாரம் இல்லை. அதாவது இருந்தது, தரையோடு தரையாய், கழற்றிப் போட்ட தோல் மாதிரி. பக்கத்தில் ஓர் அம்மா நின்றிருந்தார். சிவப்புத் தலை முளைகள் பூராவும் அவர் மடியில். பக்கத்துக் கொல்லைக்காரம்மா. அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு என் வயதில் ஒரு பெண்.

"யாருங்க நீங்க? எவன் அனுப்புனான் உங்கள?" என்றார்.

சித்தப்பா சிரித்தார். "அது கூடாரத்து முளைம்மா."

"அப்படித்தாங்க சொல்லுவாங்க. அங்கிட்டுப் பக்கத்து ஊர்ல இதே மாதிரி சேப்புத் தலை முளை அடிச்சாங்க. ஆடு கட்டன்னாங்க. இப்ப அங்க வேட்டு வெக்கறாங்க. வூட்டுச் சட்டிபானையெல்லாம் ஆடுது."

"நாங்க ஆடு கட்ட வரல. இந்தா, இதக் கட்டிப்போடத்தான்" என்று என் காதைப் பிடித்து முன்னால் நிறுத்தினார் சித்தப்பா. அந்தப் பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். சித்தியும் சிரித்தாள். நானும்.

கொல்லைக்காரம்மா சிரிக்கவில்லை. பள்ளத்தைக் காட்டினார். கத்திரி வெயிலில் எந்த மழைக்கு இந்தப் பள்ளம் என்று கேட்டார். வந்துவிட்டால் என்ன செய்வது, பிள்ளை நனைந்துவிடாதா என்றார் சித்தப்பா. நல்ல பதில்கள் அவருக்கு நாக்கு நுனியில் இருந்தன. சரிந்து கிடந்த துணியைத் தூக்கிப் பிடித்து, உள்ளே வந்து பாருங்கள் என்று கூப்பிட்டார். அந்த அம்மா தலையை நுழைத்துப் பார்த்தார். சித்தியின் குங்குமச் சிமிழ், கைக்கண்ணாடி, என் ரிப்பன், மரப்பாச்சி. துணியை விரலால் தேய்த்து மோந்து பார்த்தார். வெளியே வந்தபோது முகம் மாறியிருந்தது.

"குடும்பமாத்தான் வந்திருக்கீங்க. தெரியாமப் புடுங்கிட்டேங்க" என்றார்.

பிறகு அவரே ஒரு கல்லை எடுத்து, முளைகளை ஒவ்வொன்றாய் அதனதன் குழியில் வைத்துத் திருப்பி அடித்தார். சித்தப்பா வேண்டாம் வேண்டாம் என்றுகொண்டே கயிற்றை இழுத்துப் பிடித்தார். தன் கொல்லையின் ஓரத்தில், தன் கையாலேயே, சிவப்புத் தலை முளையை அந்த அம்மா அடித்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். டங், டங் என்று அடியிலிருந்து வெள்ளைக்கல் பதில் சொல்லியது. போன மாதம் முகாமில் உங்கள் கூடாரங்களுக்கு முளை அடித்தபோது நான் தள்ளிப் போய் நின்றது அந்தச் சத்தத்துக்காகத்தான்.

அவருடைய சந்தேகம் சரியான சந்தேகம். நாங்கள் நான்கு பேரும் சிரித்து அதை அவரிடமிருந்து பிடுங்கிவிட்டோம்.

அதற்குப் பிறகு நல்ல நாட்கள். கொல்லைக்காரம்மாவின் மகளும் நானும் வெங்காயப் பட்டறைக்குப் பின்னால் விளையாடினோம். மூங்கில் பட்டறைக்குள் காய்ந்த வெங்காயம் காற்றுக்குச் சரசரக்கும். அந்த ஒரு காணியைப் பற்றி அவள் ஏதோ சொந்தக்காரரைப் பற்றிப் பேசுவதைப் போலப் பேசுவாள். அவள் தாத்தன் காலம் வரைக்கும் அடுத்தவர் கொல்லையில் பாடுபட்டவர்கள். அப்பனும் சின்ன வயதிலேயே போய்விட்டான். அவள் அம்மாவும் மாமனும் சேர்ந்து கல் உடைத்து, களை எடுத்து வாங்கியது. அதில் விளைந்த முதல் கம்பைக் கல்லங்குறிச்சிப் பெருமாளுக்குக் கொண்டுபோய்க் கொட்டினார்களாம். அது போய்விட்டால் மறுபடியும் யார் கொல்லையிலோ குனிய வேண்டும், அவ்வளவுதான். அவளுக்கே அது தெரிந்திருந்தது.

ஒரு சாயங்காலம் கொல்லைக்காரம்மா மதகின் மேல் வந்து உட்கார்ந்தார். படித்தவர், நல்லவராகத் தெரிகிறார், ஒரு யோசனை கேட்கலாம் என்று வந்தாராம். ஜீப்பில் ஆட்கள் வந்து கொல்லையைக் கேட்கிறார்கள், என்ன செய்வது என்றார். கொடுக்காதீர்கள் என்றார் சித்தப்பா. மண் மண்ணாக இருக்கும்வரைதான் சோறு என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

"நான் எங்கங்க குடுக்கறது. பட்டா என் தம்பி பேர்ல இருக்கு. பொம்பள பேர்ல எழுத வேணாம்னுட்டாங்க. அவன் பெங்களூர்ல கட்டட வேலையில கெடக்கான். அவன் எடம் இங்க ஒருத்தருக்கும் தெரியாது. ஜீப்புக்காரன் கேட்டான், தெரியலைன்னுட்டேன்."

"பெங்களூர்ல எந்தப் பக்கம்?"

சித்தப்பா அதைக் கேட்ட குரல் எனக்கு இன்னும் கேட்கிறது. உப்பு எடு என்று சித்தியிடம் கேட்பாரே, அந்தக் குரல்.

"அல்சூருங்க. ஏரிப் பக்கம், புள்ளையார் கோயிலுக்குப் பின்னால கொட்டாய் போட்டு இருக்காங்களாம்."

பெங்களூரிலும் ஏரிக்கரைதான் போல என்று சித்தப்பா சொல்ல, அவர் சிரித்தார். போகும்போது தெம்பாக இருக்கிறது என்றார். நாளைக்கு மத்தியானம் உலை வைக்க வேண்டாம், ஏரி மீன் குழம்பு வைத்துக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு, எழுந்தவர் நின்றார். "எங்க கையால சாப்பிடுவீங்கல்ல?" என்று கேட்டார். "அதெல்லாம் நாங்க பாக்கறதில்ல" என்று சொன்னது சித்தி. சித்தப்பா ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மத்தியானம் வந்தார். தலையில் கூடை, கூடையில் கம்மஞ்சோறு, கெண்டைக் குழம்பு. ஈரத்துணி போட்டு மூடியிருந்தது. துணியை எடுத்ததும் புளியும் வெந்தயமும் ஏரிச் சேறும் கலந்த வாசனை. இலை கழுவிப் போட்டார். சித்தப்பா உட்கார்ந்தார். சோறு விழுந்தது. குழம்புக்கு அகப்பையை எடுக்கும்போது எழுந்துவிட்டார்.

"வயிறு சரியில்லைம்மா. இன்னிக்கு வேணாம்."

காலையில் ஒரு சட்டிப் பழைய சோறு தின்றவர். சித்தியின் முழங்கையை லேசாகத் தொட்டார். சித்தியும் எழுந்துவிட்டாள். நான் மட்டும் இலைக்கு முன்னால்.

கொல்லைக்காரம்மா அகப்பையைக் குழம்புக்குள்ளேயே விட்டார். அவர் முகத்தில் கோபம் வரவில்லை. ஆச்சரியம்கூட வரவில்லை. எப்போதும் வரும் ஒரு விருந்தாளி மறுபடியும் வந்த மாதிரி ஒரு முகம்.

"பரவால்லைங்க. எங்களுக்குப் பழக்கந்தான்" என்றார்.

இல்லைம்மா, அது இல்லை என்று ஒரு வார்த்தை சித்தப்பா சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கூடாரத்து முளையைக் காலால் மிதித்து இறுக்கினார். நான் வெட்கத்தில் குன்றிப்போனேன். என் அம்மாவைப் போலத்தான் இவரும் என்று நினைத்தேன். அந்த அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு போன பின்னால், ஓடிப்போய்ப் பட்டறைக்குப் பின்னால் உட்கார்ந்து, அவர் மகளோடு அதே சோற்றைச் சாப்பிட்டேன். முள் எடுத்துப் போட்டாள். யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாளே கூடாரத்தைப் பிரித்துவிட்டோம்.

என் சுருள்கல் திரும்பி வரவில்லை. கேட்டபோதெல்லாம் சித்தப்பா ஆபீஸில் இருக்கிறது என்றார். கிளிஞ்சல் கல்லுக்கு ஆபீஸில் என்ன வேலை என்று நான் அம்மாவிடம் கேட்டேன். அம்மா அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் பொறுக்க ஆரம்பித்துவிட்டாள். கூடாரத்தை நான் அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை. அடுத்த கோடையில் என்னை யாரும் எங்கேயும் கூப்பிடவில்லை. சித்தப்பா திருச்சியில் மாடி வைத்த வீடு கட்டிக் குடிபோனார். அந்தப் பக்கத்துக் கொல்லைகளெல்லாம் யாரோ ஒரு கம்பெனிக்குப் போய்விட்டன என்று பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டு வந்ததை அப்பா வீட்டில் சொன்னார். அந்த ஒரு காணியுமா என்று நான் கேட்டேன். எந்த ஒரு காணி என்றார் அப்பா.

காலேஜ் படிக்கும்போதுதான் அந்தச் சாமைச்சோற்றுக் கவளம் எனக்குள் புரள ஆரம்பித்தது. மலைக்காரர் சட்டியில் கை விட்டுத் தின்றவர் கொல்லைக்காரம்மா இலையிலிருந்து ஏன் எழுந்தார்? தெரு பார்ப்பவர் இரண்டு இடத்திலும் பார்த்திருப்பார். நம் பக்கத்தில் தெரு பார்க்காதவர்கள்கூட ஒன்று பார்ப்பார்கள். ஒரு வீட்டோடு வழக்கு இருந்தால் அங்கே கை நனைக்க மாட்டார்கள். நனைத்துவிட்டால் அந்த வீட்டுக்குக் கெடுதல் நினைக்கக் கூடாது. கல்யாணத்தில், காரியத்தில், பஞ்சாயத்தில் எத்தனை தடவை பார்த்திருக்கிறோம், மோர்கூட வேண்டாம் என்று நிற்பவர்களை. அப்படியானால் சித்தப்பாவுக்கு அந்த அம்மாவோடு என்ன வழக்கு?

அவர் இருந்தவரை கேட்கத் தைரியம் வரவில்லை. அவர் போன பிறகு, காரியமெல்லாம் முடிந்து, சித்தி தனியாக இருந்தபோது கேட்டேன். அன்றைக்கு ஏரிக்கரையில் அவருக்கு நிஜமாகவே வயிறு சரியில்லையா?

சித்தி எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாள். "வயிறெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. அந்தம்மா சோத்தத் தின்னுட்டு அந்த வேலையச் செய்ய முடியாதுன்னாரு. செய்யாம இருங்களேன்னேன். அதுக்குப் பேசல" என்றாள்.

இதில் எனக்கு ஆறவே ஆறாதது எது தெரியுமா? அந்த மனுஷருக்கு உறுத்தியிருக்கிறது. உறுத்தியதை மறைக்க இடம் தேடவேண்டிய அவசியம்கூட அவருக்கு இருக்கவில்லை. தலைமுறை தலைமுறையாய் அந்த அம்மாவின் வீட்டாருக்கு நாம் செய்துவந்த அவமானம் அங்கே தயாராக இருந்தது. அதற்குள் போய் ஒளிந்துகொண்டார். அந்த அம்மாவும் பழக்கந்தான் என்று கதவைச் சாத்திக் கொடுத்தார். நானும் அதையேதான் நம்பினேன். வழக்கமான ஒரு வலி, வேறெதையும் சந்தேகப்பட விடாமல் எங்கள் இரண்டு பேர் கண்ணையும் மூடிவிட்டது.

என்னை அழைத்துப் போனது ஆசைக்கா, யாரும் சந்தேகப்படாமல் இருக்க ஜீப்புக்குப் பதிலாகவா என்று மட்டும் சித்தியிடம் நான் கேட்கவில்லை. மயிலின் நிழல் துணியில் நடந்தது, என் காதைப் பிடித்து முன்னால் நிறுத்தியது, கடல் இருந்த கதை. எதை வைத்துக்கொள்வது, எதைத் தூரப்போடுவது என்று இந்த வயதிலும் தெரியவில்லை.

நீங்கள் முகாமுக்குக் கூப்பிட்டபோது இடம் இதுதான் என்று எனக்குத் தெரியாது. வேனை விட்டு இறங்கியதும் மதகைப் பார்த்தேன். கல் தூண் இரண்டும் அப்படியே. மத்தியானம் இலை போட்டு, கிராமத்துச் சாப்பாடு என்று முகாம்காரர் பெருமையாகச் சொல்லி, கம்மஞ்சோறு விழுந்தது. கெண்டைக் குழம்பின் வாசனை வந்தது. என் கால்கள் தானாக எழுந்துவிட்டன.

மதகடியில் போய் நின்றேன். நீங்கள் சாப்பிட்டு முடித்துப் படகுக்குப் போனீர்கள். சிரிப்புச் சத்தம் தண்ணீரில் தேய்ந்துகொண்டே போனது. பின்னால் காலடி. முகாமில் சமைக்கிற அம்மா. கையில் அகப்பை. நம் வயசுதான்.

"எங்கம்மா போட்ட இலையிலேர்ந்து உங்க சித்தப்பாவும் இப்படித்தாங்க எந்திரிச்சாரு" என்றார்.

எப்படித் தெரியும் என்று கேட்டேனோ, கேட்கத்தான் நினைத்தேனோ.

"முளை அடிக்கறப்ப தள்ளிப் போயி நின்னீங்கல்ல. வந்தவங்க எல்லாரும் தண்ணியப் பாத்தாங்க. நீங்க மதகப் பாத்தீங்க. அப்பவே நெனச்சேன்."

மாமன் சாவதற்கு முன்னால் இவரிடம் மட்டும் சொன்னாராம். கூடாரத்தில் தங்கிய சார்தான் அல்சூருக்கு வந்தார், அக்காவைத் தெரியும் என்றார், பேசிப் பேசிக் கையெழுத்து வாங்கிவிட்டார் என்று. கொல்லை போனபின் அவர் அம்மா கடைசிவரை களையெடுக்கத்தான் போனார். இதே பள்ளம் வெட்டுகிற இடத்துக்குக் கல் சுமக்கவும் வந்திருக்கிறார். உங்கள் அம்மாவுக்கு விஷயம் தெரியுமா என்று கேட்டேன்.

"சொல்லலைங்க. சாவற வரைக்கும், அந்த சாரு சாதி பாத்துட்டாருன்னுதான் சொல்லிக்கிட்டிருந்துச்சு. இருந்துட்டுப் போவட்டும்னு விட்டுட்டேன். அதத் தாங்கிப் பழகுன மனசு. தம்பி இருக்கற எடத்தத் தானே வாயால சொல்லிக் குடுத்தோம்னு தெரிஞ்சிருந்தா அன்னிக்கே போயிருக்கும்."

தண்ணீரின் மேல் உங்கள் படகு சின்னதாய்த் தெரிந்தது. அந்த ஒரு காணி அதற்கு நேர் கீழே இருக்க வேண்டும். அல்லது காற்றில் இருக்க வேண்டும். மண் முழுக்கப் போனபிறகு நிலம் எங்கே இருக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை.

"உங்க இலைய இன்னும் மடிக்கல. வாங்க" என்றார்.

சமையல் கொட்டகைக்குள் அழைத்துப் போனார். பலகை போட்டார். ஆறிய சோற்றை எடுத்துவிட்டு வேறு சோறு வைத்தார். நான் உட்கார்ந்தேன். கை மடியிலேயே கிடந்தது. அவர் குழம்புச் சட்டியோடு எனக்கு எதிரில் நின்றார். பட்டறைக்குப் பின்னால் எனக்கு முள் எடுத்துப் போட்டவர்.

"இப்ப இங்க எடுக்கறதுக்கு ஒண்ணும் இல்லைங்க. தைரியமா சாப்புடுங்க."

சொல்லிவிட்டு அகப்பையைச் சாய்க்காமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சோற்றில் கை வைத்த பிறகுதான் குழம்பை ஊற்றினார்.